பனோரமா நெகட்டிவுக்கு என்லார்ஜர் தேடுபவர்களுக்கு

ஹொரைசன் 202 என்ற பனோரமா கேமராவில் எடுத்த முதல் ரோலைக் கழுவிக் காயப்போட்ட அன்று, ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆற்றங்கரை முழுக்க ஒரே நெகட்டிவில் இருந்தது. இடது ஓரத்தில் சாய்ந்த மரம், வலது ஓரத்தில் படகில் ஏறும் இரண்டு பேர், நடுவில் வெறும் தண்ணீர். அன்று இரவே என்னிடம் இருந்த 35 மி.மீ. என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் வந்தது. மரத்தையும் காணோம், படகையும் காணோம்.

அதற்குப் பிறகு நான்கு என்லார்ஜர்களில் பனோரமா பிரிண்ட் போட முயன்றிருக்கிறேன். ஒன்றை அரத்தால் ராவினேன், ஒன்றை ஏமாந்து வாங்கினேன், ஒன்றை நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். எந்த என்லார்ஜரும் நடுவில் நன்றாகத்தான் இருக்கும். பனோரமாவுக்கு வாங்குபவர் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம், லென்ஸ், கேரியர் (நெகட்டிவைப் பிடித்துக்கொள்ளும் தட்டு), நேர்நிலை என்று எதைச் சோதித்தாலும் படத்தின் இரண்டு கடைசி முனைகளில் வைத்துச் சோதியுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில் ஸ்கேலை எடுங்கள்

கேமராவின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் நெகட்டிவை அளந்து பாருங்கள். படம் விழுந்திருக்கும் பகுதியின் நீளமும் அகலமும் மி.மீ. கணக்கில் தெரிய வேண்டும்.

சில பேருக்குப் புது என்லார்ஜரே தேவைப்படாது. தொண்ணூறுகளில் வந்த சின்ன கேமராக்கள் பலவற்றில் "பனோரமா" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது மேலும் கீழும் மறைத்துவிட்டு 13×36 மி.மீ. அளவில் படம் பிடிக்கும். நீளம் வழக்கமான 36 தான் என்பதால், எந்த 35 மி.மீ. என்லார்ஜரிலும் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையிலேயே நீண்ட நெகட்டிவ்கள் வேறு. 35 மி.மீ. பிலிமில் எடுப்பவை என்றால் ஹொரைசன் 202-இல் 24×58, வைட்லக்ஸ் எஃப்7-இல் 24×59, ஹாசல்பிளாட் எக்ஸ்பானில் 24×65, நோப்லக்ஸ் 135-இல் 24×66. அகலமான 120 ரோல் பிலிமுக்கு வந்தால், செ.மீ. கணக்கில் 6×12 என்று சொல்வது கேமராவைப் பொறுத்து 56×112 முதல் 56×120 வரை இருக்கும். ஃபூஜி ஜி617 போன்ற 6×17 கேமராக்களில் 56×168. ஒரு ரோலுக்கு நான்கே படம்.

அளந்தாயிற்றா? இப்போது மூலைக்கு மூலை அளவையும் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்பானுக்கு ஏறக்குறைய 69 மி.மீ., 56×112 அளவுள்ள 6×12-க்கு 125, 6×17-க்கு 177. இந்த எண் ஏன் முக்கியம் என்பதை நான் ராவிய என்லார்ஜரை வைத்தே சொல்கிறேன்.

வட்டமும் கட்டமும்

35 மி.மீ. என்லார்ஜரில் தோற்ற பிறகு, நண்பர் ஒருவரிடம் 6×6 என்லார்ஜர் ஒன்று சும்மா கிடந்தது. 6×6 நெகட்டிவின் உண்மையான அளவு 56×56. என் நெகட்டிவோ 58. இரண்டு மி.மீ. இடிக்கிறது. "அது பெரிய என்லார்ஜர் வேலை, இதில் ஆகாது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் என்லார்ஜரின் கண்டென்சர், அதாவது விளக்கின் வெளிச்சத்தை நெகட்டிவ் மேல் குவிக்கும் தடித்த கண்ணாடி, வட்டம். லென்ஸ் பிடிக்கும் பரப்பும் வட்டம். 56×56 சதுரத்தின் மூலைவரை வெளிச்சம் போக வேண்டுமானால் அந்த வட்டத்தின் விட்டம் 79 மி.மீ.யாவது இருந்தாக வேண்டும். என் நெகட்டிவின் மூலைக்கு மூலை அளவு 63 தான். அப்படியானால் வெளிச்சமும் லென்ஸும் போதும். தடுப்பது கேரியரில் வெட்டியிருக்கும் சதுர ஓட்டை மட்டும்தான்.

கேரியரைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குக் கீழே என்லார்ஜரின் உடம்பில் இருந்த திறப்பு வட்டமாக, நல்ல அகலமாக இருந்தது. பிறகென்ன, தட்டையான சின்ன அரம் ஒன்றை எடுத்துக் கேரியரின் இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. ராவினேன். பிசிறை நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தேன். உலோகம் பளபளத்தால் வெளிச்சம் சிதறிப் படத்தின் ஓரத்தில் ஒளிக்கீற்று விழும் என்பதால், ராவிய இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்டைத் தொட்டு வைத்தேன். அன்று ராத்திரி மரமும் படகும் ஒரே பேப்பரில் வந்தன.

ஆகவே ஒரு என்லார்ஜரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அதன் வட்டம் என் நெகட்டிவின் மூலைக்கு மூலை அளவைவிடப் பெரிதா? கேரியருக்குக் கீழே உள்ள திறப்பு என் நெகட்டிவின் நீளத்தை விடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கேரியரை நாமே செய்துகொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் அரத்தைத் தொடாதீர்கள். என்லார்ஜரின் உடம்பை ராவுவது ஆபத்தான வேலை. லென்ஸுக்கு மேலே இருக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸுக்குள் உலோகத்தூள் விழுந்துவிட்டால், அது பறந்து நெகட்டிவிலோ பேப்பரிலோ படிந்து பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழலாம்.

எந்த நெகட்டிவுக்கு எது

24×58 முதல் 24×66 வரை உள்ளவர்களுக்கு 6×7 என்லார்ஜர் போதும், 6×9 இருந்தால் நிம்மதி. 6×7 கேரியரின் திறப்பு ஏறக்குறைய 69 மி.மீ. நோப்லக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரு பக்கமும் ஒன்றரை மி.மீ.தான் மிஞ்சும், நெகட்டிவைக் கொஞ்சம் கோணலாக வைத்தாலும் ஓரம் வெட்டுப்படும். எல்பிஎல் 7700, டர்ஸ்ட் எம்670 ஆகியவை 6×7 வகை. பெஸ்லர் 23சி, மியோப்டா மாக்னிஃபாக்ஸ் ஆகியவை 6×9 வரை எடுக்கும். எக்ஸ்பான்காரர் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் 6×9 தேடச் சொல்வேன். இடவசதி பெரிதாக வேண்டாம், தனி ஆளாகத் தூக்கலாம், ஓரத்தில் வெளிச்சமும் தாராளமாக இருக்கும்.

6×12 என்றால் 4×5 இன்ச் என்லார்ஜருக்குப் போயாக வேண்டும். ஒமேகா டி2, டி5, பெஸ்லர் 45 வரிசை, டர்ஸ்ட் லேபரேட்டர் 1200, டி வியர் 504 என்று பல மாடல்கள் உண்டு. இவை ஸ்டூடியோக்களிலும் கல்லூரிகளிலும் நிறையப் புழங்கியவை என்பதால் தேடினால் கிடைக்கும்.

6×17 என்றால்தான் கஷ்டம். 168 மி.மீ. நீளம் 4×5-க்குள் எப்படித் திருப்பி வைத்தாலும் அடங்காது. 5×7 இன்ச் என்லார்ஜர் வேண்டும், அல்லது 8×10. டர்ஸ்ட் 138 என்ற பெயரைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 13×18 செ.மீ. நெகட்டிவ் எடுக்கும் என்பதைத்தான் அந்த எண்ணே சொல்கிறது. அதேபோல டர்ஸ்ட் 184 என்றால் 18×24 செ.மீ. எல்வுட் என்ற பழைய அமெரிக்க என்லார்ஜரும் 5×7, 8×10 அளவுகளில் வந்தது. டி வியர் 5108 என்பது 8×10.

இந்தப் பெரிய என்லார்ஜர்கள் விளம்பரத்தில் அதிகம் வருவதில்லை. மூடிவிட்ட ஸ்டூடியோவின் பின்னறையிலோ, பழைய பத்திரிகை அலுவலகத்தின் டார்க் ரூமிலோ, கலைக் கல்லூரியின் கிடங்கிலோ நிற்கும். இடத்தைக் காலி செய்ய வேண்டும், ஆனால் தூக்க ஆளில்லை என்பதுதான் அங்கிருப்பவர்களின் பிரச்சினையாக இருக்கும். எனக்கு 138 கிடைத்ததும் அப்படித்தான். நீங்களே ஆளைக் கூட்டிவந்து கழற்றி எடுத்துப் போவதாகச் சொன்னால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். போவதற்கு முன் உங்கள் அறையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். தலைப்பகுதி மேலே ஏறும்போது கூரையில் முட்டினால் அவ்வளவு பெரிய என்லார்ஜரில் சின்ன பிரிண்ட்தான் போட முடியும்.

லென்ஸ்: நீளமானதே நல்லது

என்லார்ஜர் பெரிதாக இருந்து லென்ஸ் குட்டையாக இருந்தால் ஓரம் போய்விடும். இதைக் கணக்கோடு சொன்னால்தான் புரியும்.

எக்ஸ்பான் நெகட்டிவை ஆறு மடங்கு பெரிதாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் சரிந்து விழுவதால் மட்டும் மூலையில் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டால், 50 மி.மீ. லென்ஸில் நடுவில் 100 இருக்கும்போது மூலையில் 55 தான் நிற்கும். 80 மி.மீ. லென்ஸில் 77. 105 மி.மீ. லென்ஸில் 86. போதாக்குறைக்கு, 50 மி.மீ. லென்ஸ்கள் 24×36-க்காகச் செய்தவை என்பதால் அவ்வளவு தூரத்துக்குக் கூர்மையும் இருக்காது. ஆகவே 24×65-க்கு 80 குறைந்தபட்சம். என் கை 105-க்குத்தான் போகும்.

105-க்குக் கொடுக்க வேண்டிய விலை உயரம். 16 இன்ச் நீளப் பிரிண்டுக்கு நெகட்டிவிலிருந்து பேப்பர் வரை 80 மி.மீ. லென்ஸில் 67 செ.மீ. ஆகும், 105-இல் 88 செ.மீ. தூண் அவ்வளவு உயரம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6×12-க்கு 135 அல்லது 150. 6×17-க்கு 180 அல்லது 210. மூன்று மடங்கில், அதாவது 20 இன்ச் பிரிண்டில், 180 மி.மீ. லென்ஸ் மூலையில் 77 சதவீதம் தரும், 210 கொடுப்பது 83. 180-க்கு நெகட்டிவிலிருந்து பேப்பர் வரை 96 செ.மீ. வேண்டும், 210-க்கு 112. பெல்லோஸும் நீள வேண்டும்: 180-க்கு லென்ஸுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 24 செ.மீ., 210-க்கு 28. பெல்லோஸ் எவ்வளவு நீளும் என்று இழுத்து அளக்காமல் 210 வாங்கிவிடாதீர்கள்.

நிக்கான் எல்-நிக்கார், ரோடன்ஸ்டாக் ரோடகான், ஷ்னைடர் காம்போனான்-எஸ் மூன்றுமே பெரும்பாலும் ஆறு கண்ணாடி கொண்ட நல்ல லென்ஸ் வரிசைகள். எதுவாக இருந்தாலும் சரி, பூஞ்சை பிடிக்காததாக இருந்தால் போதும். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள்; சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, பால் ஊற்றினாற்போல மங்கலாகத் தெரிந்தால் புகை. சின்ன லென்ஸ்கள் பெரும்பாலும் 39 மி.மீ. மரையில் வரும். 180, 210 போன்றவற்றின் மரை பெரிது, அதற்கென்று தனி லென்ஸ் போர்டு வேண்டும். என்லார்ஜரோடு லென்ஸ் போர்டு வருகிறதா என்று மறக்காமல் கேளுங்கள். பழைய மாடல்களுக்கு அதைத் தனியாகத் தேடுவது பெரும்பாடு.

நேரில் போய்ப் பார்க்கும்போது

நான் ஏமாந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 6×12-க்காக 4×5 என்லார்ஜர் ஒன்றை வாங்கினேன். "எல்லாம் முழுசா இருக்கு" என்றார் விற்றவர். விளக்குப் போட்டுக் காட்டினார், பேஸ்போர்டில் (பேப்பர் வைக்கும் அடிப்பலகை) வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. வீட்டுக்கு வந்து முதல் பிரிண்டைப் போட்டேன். வானத்தின் இரண்டு முனையும் வெளுத்துப் போயிருந்தன. நெகட்டிவ் மேல் சந்தேகப்பட்டேன், டெவலப்பர் மேல் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத் தலையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது சின்ன நெகட்டிவுக்கான கண்டென்சர். இப்படிப்பட்ட என்லார்ஜர்களில் நெகட்டிவின் அளவையும் லென்ஸையும் பொறுத்துக் கண்டென்சரை மாற்ற வேண்டும், அல்லது துணைக் கண்டென்சரை வேறு தட்டுக்கு நகர்த்த வேண்டும். 4×5-க்கான கண்டென்சர் அவரிடம் இல்லவே இல்லை. டர்ஸ்ட் 138-இலும் கண்டென்சர்கள் லென்ஸின் குவியத் தூரத்துக்கு ஏற்ப ஜோடி ஜோடியாக மாறும். உங்கள் லென்ஸுக்கான ஜோடி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

இப்போதெல்லாம் நான் வாங்கப் போகும்போது பையில் மூன்று பொருள் இருக்கும். என் லென்ஸ், ஒரு லைட் மீட்டர், ஒரு கீறின நெகட்டிவ்.

அறையை இருட்டாக்கச் சொல்லிவிட்டு, கேரியரில் நெகட்டிவ் இல்லாமல் விளக்கைப் போடுங்கள். நீங்கள் போடப்போகும் பிரிண்டின் உயரத்துக்குத் தலையை ஏற்றி, லென்ஸின் திறப்பை எஃப் 11-இல் வைத்து, பேஸ்போர்டில் பிரிண்ட் விழும் நீளத்துக்கு வெள்ளைப் பேப்பரை விரியுங்கள். மீட்டரை நடுவில் வைத்து அளவெடுங்கள், பிறகு இரண்டு முனையிலும். ஃபோனில் வரும் லக்ஸ் மீட்டர் செயலியும் இதற்குப் போதும், ஏனென்றால் நமக்கு வேண்டியது விகிதம்தான். நடுவில் 100 என்றால் முனையில் 80 வந்தால் வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதைப் பிரிண்ட் போடும்போது ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்துச் சமாளிக்கலாம். 50 வந்தால் முழு ஸ்டாப். அதோடு ஒவ்வொரு பிரிண்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு முனையில் 85, மறு முனையில் 60 என்று வந்தால் பயப்பட வேண்டாம், விளக்கு நடுவில் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலான கண்டென்சர் தலைகளில் விளக்கை நகர்த்த ஒரு தண்டு இருக்கும், அசைத்துச் சரிசெய்து பாருங்கள்.

கீறின நெகட்டிவ் என்றது, வெளிச்சத்தில் காட்டி முழுக்கக் கறுக்கவிட்ட பிலிம் துண்டு. என் பனோரமா நீளத்துக்கு வெட்டி, நடுவிலும் நான்கு மூலையிலும் ஊசியால் சின்னச் சின்னச் சிலுவை கீறியிருக்கிறேன். அதைக் கேரியரில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, நடுச் சிலுவையைக் கூர்மையாக்கிவிட்டு மூலைச் சிலுவைகளைப் பார்ப்பேன். இடது முனை மங்கி வலது முனை கூர்மையாக இருந்தால் நெகட்டிவ் தளமும் லென்ஸும் பேஸ்போர்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. 36 மி.மீ. நெகட்டிவில் கண்ணுக்கே தெரியாத சாய்வு 168 மி.மீ. நெகட்டிவில் முனையைக் குழைத்துவிடும். இதைத் திருத்த முடியுமா, திருகு இருக்கிறதா என்று பாருங்கள். தூண் வளைந்திருந்தாலோ தலை ஆடினாலோ வாங்க வேண்டாம். கிரெய்ன் ஃபோகசர் (பேஸ்போர்டில் வைத்துக் கூர்மையைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம்: சாதாரண ஃபோகசர்களில் நடுவை மட்டும்தான் பார்க்க முடியும், ஓரத்துக்குப் போனால் கண்ணாடியில் இருட்டு. நீளமான, சாயும் கண்ணாடி உள்ள ஃபோகசர் கிடைத்தால் விடாதீர்கள்.

மற்றவை சீக்கிரம் பார்க்கக்கூடியவை. பெல்லோஸுக்குள் டார்ச் விட்டு ஓட்டை தேடுங்கள். கண்டென்சரில் விளிம்பு உடைந்திருந்தால் பரவாயில்லை, நடுவில் கீறல் இருந்தால் யோசியுங்கள். மின்சாரம் 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று தகட்டில் படியுங்கள். விளக்கு எந்த வகை, இன்றும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பழைய பெரிய ஓபல் பல்புகள் அரிதாகிவிட்டதால் நிறையப் பேர் எல்.இ.டி.க்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றிய தலையில், ஃபில்டருக்கு ஏற்பக் கறுப்பு வெள்ளை வேறுபாடு மாறும் மல்ட்டிகிரேட் பேப்பரை 0 ஃபில்டரிலும் 5 ஃபில்டரிலும் ஒரு துண்டு போட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால்தான் அந்த எல்.இ.டி. நமக்கு உதவும்.

கண்டென்சர் தலையா, வெளிச்சத்தைச் சிதறவிட்டுப் பரப்பும் டிஃப்யூஷன் தலையா என்று கேட்டால், பனோரமாவுக்கு நான் டிஃப்யூஷன் பக்கம். தூசியும் கீறலும் குறைவாகத் தெரியும். நீளமான வானத்தில் தூசியைத் தூரிகையால் தொட்டு மறைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

சாம்பல் பேப்பர் சோதனை

வீட்டில் பொருத்திய பிறகு, படம் எதையும் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கேரியரில் எதுவும் வைக்காமல், பிரிண்ட் போடும் உயரத்தில், முழு நீளப் பேப்பரில் நடுத்தரச் சாம்பல் வரும்வரை நேரத்தைச் சரிசெய்து ஒரு பிரிண்ட் போடுங்கள். டெவலப்பரில் முழு நேரம் விடுங்கள், அசைப்பதும் சீராக இருக்கட்டும். கழுவிக் காய்ந்ததும் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரே சாம்பல் மாதிரித்தான் தெரியும். கண் ஏமாந்துவிடும். இடது முனையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி எடுத்து, நடுவில் வையுங்கள். வெள்ளைக் கோடு மாதிரித் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதுதான் உங்கள் என்லார்ஜரின் இழப்பு. கீற்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால் உங்களுக்கு நல்ல என்லார்ஜர் வாய்த்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கேமரா லென்ஸிலும் ஓரத்தில் வெளிச்சம் குறையும். 6×17-இல் சென்டர் ஃபில்டர் (நடுவில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) போடாமல் எடுத்தால் நெகட்டிவின் முனைகள் மெலிந்திருக்கும், பிரிண்டில் அவை கறுக்கும். என்லார்ஜரின் இழப்போ முனைகளை வெளுக்க வைக்கும். இரண்டும் எதிரெதிர் என்பதால் ஓரளவு ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். என் 138-இல் முனையில் கால் ஸ்டாப் குறைகிறது. நண்பரின் ஃபூஜி ஜி617-இல் ஃபில்டர் இல்லாமல் எடுத்த நெகட்டிவ்களுக்கு அதுவே அழகாகப் பொருந்திவிட்டது. ஹொரைசன், வைட்லக்ஸ் மாதிரி லென்ஸ் சுழலும் கேமராக்களில் அந்தச் சரிவு நீளவாக்கில் கிடையாது. அங்கே வரும் தொல்லை வேறு: சுழற்சி சீராக இல்லாவிட்டால் வானத்தில் செங்குத்தாகப் பட்டை பட்டையாகத் தெரியும். பட்டை நெகட்டிவிலா என்லார்ஜரிலா என்று தெரிய, நெகட்டிவை இடம் வலமாகத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு பிரிண்ட் போடுங்கள். பட்டை படத்தோடு சேர்ந்து இடம் மாறினால் கேமராவின் குற்றம், பேப்பரில் அதே இடத்தில் நின்றால் என்லார்ஜர்.

கேரியர் செய்வது

24×65-க்கோ 6×17-க்கோ தயார் கேரியர் கிடைப்பது அபூர்வம். நான் செய்யும் முறை இது.

என்லார்ஜரின் கேரியர் அளவுக்கு 2 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி இரண்டு. கீழே சாதாரணக் கண்ணாடி, மேலே ஆன்டி-நியூட்டன் கண்ணாடி. நீளமான நெகட்டிவைக் கண்ணாடி இல்லாமல் வைத்தால் விளக்கின் சூட்டில் நடுவில் புடைத்துக்கொள்ளும். எவ்வளவு எஃப் எண்ணைக் கூட்டினாலும் முனையும் நடுவும் ஒன்றாகக் கூர்மையாகாது. ஆகவே கண்ணாடி கட்டாயம். பிலிமின் வழவழப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டும்போதுதான் வானவில் வளையங்கள் வரும், அந்தப் பக்கம் மேலே இருப்பதால் சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் கண்ணாடியும் மேலே வருகிறது. மருந்துப் பக்கம் கீழே பார்த்திருக்கும்.

கண்ணாடியின் நான்கு விளிம்பையும் நீர்த்தாளில் நனைத்துத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் விரலும் போகும், நெகட்டிவும் போகும். பிறகு கறுப்பு மவுன்ட் அட்டையில் உங்கள் நெகட்டிவ் அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். 24×65-க்கு நான் 25×66 வெட்டுவேன், படத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு மெல்லிதாக வரும். கத்தியைப் புதுசாக மாற்றிக்கொண்டு, ஒரே இழுப்பில் வெட்டாமல் நான்கைந்து மெல்லிய இழுப்பாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் நார் நீட்டிக்கொண்டிருந்தால் அது பிரிண்டில் மயிர் மாதிரித் தெரியும், தீக்குச்சி நெருப்பை ஒரு கணம் காட்டினால் கருகிவிடும். அட்டையைக் கீழ்க் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள், நெகட்டிவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்தால் பிலிம் தட்டையாக உட்காராது. இரண்டு கண்ணாடியையும் ஒரு பக்கம் கறுப்புத் துணி டேப்பால் கீல் மாதிரி இணைத்துவிட்டால் புத்தகம் போலத் திறந்து மூடலாம். நெகட்டிவை வைப்பதற்கு முன் நான்கு கண்ணாடிப் பரப்பையும் பிலிமின் இரண்டு பக்கத்தையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது.

பெரிய என்லார்ஜர் கிடைக்கவே இல்லை என்றால்

6×17 வைத்திருப்பவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். 5×7 அல்லது 8×10 வியூ கேமரா (பெல்லோஸ் உள்ள பெரிய பிலிம் கேமரா) யாரிடமாவது இருந்தால் அதையே என்லார்ஜராக்கலாம். பிலிம் ஹோல்டர் இருக்கும் இடத்தில் கண்ணாடிக் கேரியர், அதற்குப் பின்னால் சில செ.மீ. தள்ளி வெள்ளை அக்ரிலிக் தகடு, அதற்கும் பின்னால் எல்.இ.டி. பலகை, முன்னால் 180 அல்லது 210 என்லார்ஜிங் லென்ஸ். கேமராவைக் கிடைமட்டமாக வைத்துச் சுவரில் காந்தத்தால் பேப்பரை ஒட்டிப் பிரிண்ட் போடலாம். உயரப் பிரச்சினையே இல்லை, அறையின் நீளம்தான் எல்லை. பலகையிலிருந்து கசியும் வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் சுற்றி மூடுவதில் மட்டும் கவனமாக இருங்கள்.

இன்னொரு வழி கான்டாக்ட் பிரிண்ட். 56×168 நெகட்டிவைப் பேப்பரோடு கண்ணாடியின் கீழ் அழுத்தி வெளிச்சம் காட்டினால் முடிந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவுதான், ஆனால் அந்தக் கூர்மை எந்த என்லார்ஜரிலும் வராது. நூறு ஆண்டுக்கு முன் கோடக் சர்குட் கேமராவில் எடுத்த நீண்ட குழுப் படங்களெல்லாம் கான்டாக்ட் பிரிண்ட்தான். என்லார்ஜர் கிடைக்கும்வரை நான் ஒரு வருடம் இப்படித்தான் போட்டேன், அந்தச் சின்ன பிரிண்ட்கள் சிலவற்றைப் பின்னால் பெரிதாக்க எனக்கு மனமே வரவில்லை.

பேப்பரும் தட்டும்

16×20 இன்ச் பேப்பரை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு 8×20 கிடைக்கும். 6×17 நெகட்டிவ் 20 இன்ச் நீளத்தில் 6.7 இன்ச் உயரம் வரும், எக்ஸ்பான் 7.4 வரும். இரண்டுமே 8-க்குள் அடங்கும். 11×14-ஐ வெட்டினால் 5.5×14, எக்ஸ்பானுக்கு அதுவும் பொருத்தம். சேஃப்லைட்டில் (பேப்பரைப் பாதிக்காத டார்க் ரூம் விளக்கு) வெட்டும்போது மருந்துப் பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள், எஞ்சிய பாதியை உடனே கறுப்புப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டமான சாதாரண ஈசல் (easel) இந்த நீளத்துக்குப் போதாது. கறுப்பு பெயிண்ட் அடித்த இரும்புத் தகட்டில் பேப்பரை வைத்து, மேலும் கீழும் உலோக ஸ்கேலை வைத்துக் காந்தத்தால் அழுத்துகிறேன். டெவலப்பருக்கு 16×20 தட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளமான பூந்தொட்டித் தட்டில் ஒரு லிட்டர் ஊற்றி, பேப்பரைச் சுருட்டிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருட்டி உருட்டி எடுக்கலாம். அப்படிச் செய்யும்போது டெவலப்பரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீர்த்துக் கலக்கி நேரத்தைக் கூட்டுங்கள். முதலில் நனைந்த முனைக்கும் கடைசியில் நனைந்த முனைக்கும் உள்ள நொடி வித்தியாசம் அப்போதுதான் பிரிண்டில் தெரியாது.